நிலக்காட்சிப் படங்களுக்கு இடமும் திசையும் தேதியும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பருவமழை தொடங்கியதும் பாலாற்றில் தண்ணீர் ஓடும் படங்களையும், ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் மேகம் தவழும் படங்களையும் தங்கள் நாளிதழ் தவறாமல் வெளியிட்டு வருவது மகிழ்ச்சி அளிக்கிறது. ஆனால், படத்தின் கீழுள்ள குறிப்பு பெரும்பாலும் 'ரம்மியமான காட்சி' என்பதோடு நின்றுவிடுகிறது. எந்த இடத்தில் நின்று, எந்தத் திசையை நோக்கி, எந்த நாளில் எடுத்தது என்ற விவரங்களையும் சேர்த்து அச்சிட்டால், அதே படம் இந்த வட்டாரத்தின் இயற்கை வரலாற்றுக்கு ஆவணமாகிவிடும் என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

வேலூரைச் சூழ்ந்துள்ள குன்றுகளையே எடுத்துக்கொள்வோம். உச்சி வெயிலில் வெறும் கற்குவியலாகத் தெரியும் குன்று, மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது தன் அமைப்பைக் காட்டத் தொடங்குகிறது. பாறையில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் வெடிப்புகளுக்குள் மழைநீர் இறங்கி, முனைகளை முதலில் தின்று, சதுரமாக இருந்த கல்லை மெல்ல உருண்டையாக்கியிருப்பது நிழலின் உதவியால் தெளிவாகத் தெரியும். தகடாக உரிந்து விழுந்த இடம் வெளுத்தும், நெடுங்காலமாக வெயிலும் மழையும் பட்ட பரப்பு கறுத்தும் இருக்கும். உதிர்ந்த பருமணல் அடிவாரத்தில் சேர்ந்த இடத்தில்தான் புல்லும் கள்ளியும் வேர் பிடித்திருக்கும். சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையுள்ள பாறை மண்ணாகும் வேலை முழுவதும் ஒரே படத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து பார்க்கும்போது தனித்து எழுந்து நிற்கும் ஏலகிரியோ, இவற்றைவிட மிகவும் பிற்காலத்தில் பூமிக்கடியில் பாறைக்குழம்பு உறைந்து உருவான சயனைட் (syenite) என்னும் பாறையாலானது. இதை அறிந்தவர் எடுக்கும் ஏலகிரிப் படம் வேறாகத்தான் இருக்கும்.

பாலாற்றுக்கு ஒற்றைப் படம் போதாது. நந்தி மலைப் பகுதியில் தோன்றி 348 கிலோமீட்டர் ஓடும் இந்த ஆறு, ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. 1903 நவம்பரில் வாணியம்பாடியைச் சீரழித்ததும், 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடியதும் இதே ஆறுதான். வேலூருக்கும் காட்பாடிக்கும் இடையிலுள்ள பாலத்தில் ஒரே இடத்தில் நின்று, வெள்ளத்துக்கு முன்பும் பின்பும், அடுத்த கோடையிலும் படம் எடுத்து வைத்தால், மணல்திட்டு எங்கே நகர்ந்தது, சீமைக்கருவேலம் எந்த ஓரத்தில் முளைத்து எவ்வளவு விரைவாக ஆற்றுக்குள் இறங்கியது என்பதை யாரும் சொல்லாமலே அறியலாம். கரை அரித்து நிற்கும் இடங்களில் கூழாங்கல், பருமணல், வண்டல் என்று மாறி மாறிப் படிந்த அடுக்குகளைக் காணலாம். நீரின் வேகம் கூடியபோது கூழாங்கல்லும் அடங்கியபோது வண்டலும் படிந்ததால் வந்த அடுக்குகள் அவை. அத்தகைய படத்தில் ஓர் அளவுகோலையோ குடையையோ அருகில் வைத்து எடுப்பது அவசியம்; இல்லையேல் ஒரு சாண் அடுக்கா, ஓர் ஆள் உயர அடுக்கா என்பது பிறருக்குப் புரியாது.

இது புதிய முறை அன்று. 1871-இல் ஒளிப்படக் கலைஞர் வில்லியம் ஹென்றி ஜாக்சன் எடுத்த படங்கள், மறு ஆண்டே அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா அமைவதற்குத் துணைநின்றன. 1880-களின் இறுதியில் ஜெர்மானியக் கணித அறிஞர் செபாஸ்டியன் ஃபின்ஸ்டர்வால்டர் ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகளைப் படங்களின் மூலம் அளக்கத் தொடங்கினார். 1977-இல் தொடங்கி, அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் மார்க் கிளெட் முதலானோர், ஜாக்சன் காலத்துப் படங்கள் எடுக்கப்பட்ட இடங்களைத் தேடிச் சென்று, அதே பருவத்தில், அதே ஒளியில் மீண்டும் படம் பிடித்தார்கள்.

ஒரு வேண்டுகோளைச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். கைப்பேசியில் பச்சையையும் நீலத்தையும் கூட்டி அனுப்பும் படங்களைத் தயவுசெய்து தவிருங்கள். ஜவ்வாது மலையின் இலையுதிர் காடுகள் கோடையில் பழுப்பேறி நிற்பது குறையன்று. நீரைச் சேமிக்க மரங்கள் கண்ட வழி அது. அந்தப் பழுப்பை மறைக்கும் படம், மார்ச்சையும் நவம்பரையும் ஒன்றாக்கிவிடுகிறது.

காட்பாடிப் பாலம், ஜோலார்பேட்டையிலிருந்து தெரியும் ஏலகிரி, அமிர்தி காடு, காவேரிப்பாக்கம் ஏரிக்கரை ஆகிய இடங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையான புள்ளியைத் தேர்ந்து, கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் எடுத்த படங்களை ஆண்டுதோறும் அருகருகே தாங்கள் வெளியிடலாம். பள்ளிகளின் தேசிய பசுமைப் படை மாணவர்களை இதில் ஈடுபடுத்தலாம். மேலும், ஆற்றங்கரையிலும் கோட்டை அகழியோரத்திலும் நின்று எடுத்துக்கொண்ட பழைய குடும்பப் படங்கள் இங்கே பல வீடுகளில் உள்ளன. அவற்றின் பின்னணியில் தெரியும் மரமும் மணலும் நீர்மட்டமும் நமக்குத் தேவை. ஆண்டும் இடமும் நினைவில் உள்ள பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே அவற்றைக் கேட்டுப் படத்தின் பின்புறம் எழுதி, பிரதி அனுப்பிவைக்குமாறு தங்கள் நாளிதழ் வாசகர்களை அழைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
காட்பாடி.