உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கோடையிலேயே முகாம் தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்கல்வி பயிலும் மாணவியருக்குத் தமிழ்நாடு அரசு வழங்கும் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவியருக்கும் 2024 முதல் கிடைப்பது, அத்தகைய பள்ளிகள் நிறைந்த குமரி மாவட்டத்துக்குப் பெரும் ஆறுதல். ஆனால், ரப்பர் பால்வெட்டும் என் பக்கத்து வீட்டுக்காரர், ஆதாரில் ஒன்றும் மாற்றுச் சான்றிதழில் வேறொன்றுமாக இருந்த மகளின் தலைப்பெழுத்தைத் திருத்துவதற்காக, நான்கு நாள் கூலியை இழந்து, பிளாஸ்டிக் உறையில் பொதிந்த காகிதங்களோடு அலைந்ததை நேரில் கண்டு மனம் வருந்தினேன். வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கு ஆகியவை பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு தயாராகிவிட்டால், சேர்க்கை நேரத்தில் இந்த அலைச்சல் இராது. எனவே, மலையோரக் கிராமங்களிலும் கடற்கரை ஊர்களிலும் மே மாதமே பள்ளிதோறும் முகாம் நடத்துமாறு மாவட்ட நிர்வாகத்தை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், குலசேகரம்.