ஸ்கர்ட் அணியும் பெண்களுக்கென்று நீங்கள் விற்கும் துப்பாக்கி உறை குறித்துப் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
ஹூஸ்டன், டெக்சாஸ்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: தொடையில் கட்டும் துப்பாக்கி உறை விசையை மூடாமல் இருப்பது, அதன் விற்பனையை நிறுத்தவும் பணத்தைத் திருப்பித் தரவும் கோருவது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

ஸ்கர்ட் அணியும் பெண்களுக்காகவே வடிவமைக்கப்பட்டது என்று விளம்பரம் செய்து நீங்கள் விற்கும் தொடை உறையை வாங்கிப் பயன்படுத்திப் பார்த்தேன். அது ஆபத்தான பொருள். துணிக்கு மேலே அழுத்தினாலே உள்ளே இருக்கும் துப்பாக்கியின் விசை இயங்குகிறது. வேறு குறைகளும் உண்டு, அவற்றையும் எழுதியிருக்கிறேன். ஆனால் இந்த ஒரு குறைக்காகவே இதன் விற்பனையை நீங்கள் உடனே நிறுத்த வேண்டும்.

இக்கடிதத்தின் ஆங்கில வடிவம் பதிவுத் தபாலில் உங்கள் அலுவலகத்துக்கு வந்து சேரும். இந்தப் பகுதியில் வசிக்கும் தமிழ்ப் பெண்கள் சிலர் உங்கள் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, வாங்கலாமா என்று என்னிடம் விசாரித்தார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் தமிழிலும் எழுதுகிறேன்.

நான் வரிக் கணக்கு தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். வரிக் கணக்கு தாக்கல் செய்யக் கடைசி நாளான ஏப்ரல் 15 நெருங்க நெருங்க, அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு கடைசியாக வெளியேறுவது பெரும்பாலும் நான்தான். அந்த நேரத்தில் வாகன நிறுத்துமிடத்தில் வேறு யாரும் இருப்பதில்லை, பாதி விளக்குகள் எரிவதுமில்லை. டெக்சாஸில் 21 வயது நிரம்பியவர்கள், சட்டம் தடை செய்யாத நிலையில், உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாம் என்ற சட்டம் 2021 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இருந்தும் நான் வகுப்புக்குப் போய், சுடும் தேர்விலும் தேறி உரிமம் வாங்கியிருக்கிறேன். தோட்டா நிரப்பிய ஒரு பொருளை உடம்போடு வைத்துக்கொண்டு நாலு பேர் நடுவே நடமாடுபவருக்கு அந்தப் பயிற்சி கட்டாயம் வேண்டும் என்பது என் எண்ணம்.

வேலைக்கு நான் அணிவது ஸ்கர்ட். முழங்காலுக்குக் கீழே வரை ஒன்று, கணுக்கால் வரை ஒன்று என இரண்டு வகையும் உண்டு. கடைகளில் கிடைக்கும் உறைகளில் பெரும்பாலானவை பேண்ட்டையும் கெட்டியான தோல் பெல்ட்டையும் நம்பிச் செய்தவை. உறையின் கொக்கியைப் பிடித்துக்கொள்ள ஒரு பெல்ட் வேண்டும். பெல்ட்டைத் தாங்க பேண்ட்டில் அதற்கான பட்டைகள் வேண்டும். ஸ்கர்ட்டின் இடுப்பில் இரண்டும் கிடையாது. எலாஸ்டிக் வைத்த இடுப்பு என்றால் துப்பாக்கியின் எடையில் ஒரு பக்கம் இறங்கிவிடும். துணி மெல்லியது என்றால் பிடியின் வடிவம் வெளியே அப்படியே தெரியும். இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டதாக நீங்கள் சொன்னதை நம்பித்தான் எண்பது டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினேன்.

பெட்டியைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது லேஸ். கருப்பு எலாஸ்டிக் பட்டையின் இரு ஓரங்களிலும் நேர்த்தியான தையலோடு இரண்டு விரல் அகலத்துக்கு லேஸ் வைத்திருக்கிறீர்கள். நடுவே துப்பாக்கி வைக்கும் பை. அதுவும் அதே எலாஸ்டிக் துணிதான், இரண்டு மடிப்பு. உள்ளே பிளாஸ்டிக் தகடோ தோலோ எதுவும் இல்லை. மேலே பிரஸ் பட்டன் வைத்த ஒரு சிறிய பட்டி.

என்னிடம் இருப்பது சிக் சாவர் பி365 என்ற சிறிய கைத்துப்பாக்கி. உங்கள் பெட்டியின் பின்பக்கம், இந்த உறையில் பொருந்தும் துப்பாக்கிகளின் பட்டியலில் அதன் பெயரும் அச்சாகியிருக்கிறது. என்னுடையதில் கையால் தள்ளிப் பூட்டும் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. விசை தவறுதலாக இழுபடாமல் காப்பது இரண்டே விஷயங்கள்: ஒன்று, விசையின் மீது யார் விரலும் படாமல் இருப்பது. மற்றது, விசையை முழுவதும் மூடி நிற்கும் கெட்டியான உறை.

தோட்டா போடுவதற்கு முன் சோதித்துப் பார்த்தேன். தோட்டாக்களை அடுக்கும் மேகசினைக் கழற்றி, துப்பாக்கியின் மேல்பாகமான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, குழலின் தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்து, சுண்டு விரலை விட்டும் உறுதி செய்தேன். என் கணவரும் பார்த்தார். நாங்கள் இருந்த அறையிலேயே தோட்டாக்கள் இல்லை. பிறகு காலித் துப்பாக்கியை உங்கள் பையில் வைத்து, பட்டியின் பட்டனைப் போட்டு மேசை மீது கிடத்தினேன். பென்சிலின் ரப்பர் முனையால் விசை இருக்கும் இடத்தில் துணிக்கு மேலே அழுத்தினேன். துணி விசைக் காப்பு வளையத்துக்குள் குழிந்து இறங்கியது. ‘க்ளிக்’ என்று உள்ளே தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசி விழுந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. ஸ்லைடை இழுத்துவிட்டு மறுபடியும் செய்தேன், மறுபடியும் அதே சத்தம். தோட்டா இருந்திருந்தால் ஒவ்வொரு சத்தமும் ஒரு வெடிப்பு. பை தொடையில் இருக்கும்போது குழல்வாய் பார்ப்பது முழங்காலையும் பாதத்தையும். உட்கார்ந்தால் அது எதிரே இருப்பவரின் கால்களைப் பார்க்கும். தொடையின் உள்பக்கம் ஓடும் பெரிய தமனியில் குண்டு பட்டால் சில நிமிடங்களில் உயிரே போகலாம். பயிற்சி வகுப்புக்குப் போன எவருக்கும் இது தெரியும். தொடை உறை செய்து விற்பவர்களுக்கு அவசியம் தெரிந்திருக்க வேண்டும்.

பட்டியின் கதை இன்னும் மோசம். பட்டன் போட்ட பிறகும் அதன் நுனி அரை அங்குலம் நீண்டு தொங்குகிறது. பட்டனைக் கழற்றித் துப்பாக்கியைத் திரும்ப வைக்கும்போது அந்த நுனி மடங்கி, விசைக்கும் வளையத்துக்கும் இடையில் போய் நுழைகிறது. அந்த நிலையில் துப்பாக்கியை உள்ளே தள்ளினால் பட்டியே விசையை இழுக்கும். துப்பாக்கியை வெளியே எடுத்ததும் பையின் வாய் சுருங்கி மூடிக்கொள்வதால், திரும்ப வைக்க ஒரு கையால் வாயைப் பிரித்துப் பிடித்தாக வேண்டும். அப்படிப் பிடிக்கும் கை குழல்வாய்க்கு நேராகத்தான் இருக்கும்.

இந்தச் சோதனைக்குப் பிறகு தோட்டா நிரப்பிய துப்பாக்கியை நான் அதில் வைக்கவே இல்லை. மற்ற குறைகளைக் காலித் துப்பாக்கியோடு வீட்டுக்குள் நடந்துதான் தெரிந்துகொண்டேன்.

தொடை மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும். அதில் கட்டும் எதுவும் நடக்க நடக்கக் கீழேதான் இறங்கும். வெறும் எலாஸ்டிக்கின் இறுக்கத்தை நம்பி அரைக் கிலோவுக்கு மேலான எடையை அங்கே நிறுத்த முடியாது. உள்பக்கம் ஒட்டியிருக்கும் சிலிக்கான் கோடுகள் வியர்க்கும்வரைதான் பிடிக்கின்றன. ஹூஸ்டனின் ஈர வெயிலில் அது எவ்வளவு நேரம் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாடிப்படி ஏறி இறங்குவதற்குள் பட்டை முழங்காலுக்கு மேலே வந்து நின்றது. பிடியின் எடையால் உறையும் சுழன்று பின்பக்கம் போய்விட்டது. கீழே இறங்காமல் இருக்க இடுப்பிலிருந்து தொங்கும் வார் தேவை என்று உங்கள் குறிப்புத்தாளின் கடைசி வரியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அந்த வாருக்குத் தனி விலை. தாங்கி நிற்பதற்கு அத்தியாவசியமான பாகத்தைத் தனியாக விற்றுவிட்டு, அட்டையின் முகப்பில் ‘நாள் முழுவதும் அசையாது’ என்று அச்சடிப்பது பொய்யான வாக்குறுதி.

இறுக்கிக் கட்டினால் உட்காரும்போது கால் மரத்துப்போகிறது. அளவு அட்டையில் நின்றபடி அளக்கச் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் உட்கார்ந்தால் தொடையின் சுற்றளவு கூடும். நான் நாளெல்லாம் உட்கார்ந்து வேலை செய்பவள். உங்கள் விளம்பரத்தில் வரும் பெண் ஒரு காட்சியிலாவது உட்காருகிறாரா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. அவர் காரில் ஏறுவதில்லை, கழிவறைக்கும் போவதில்லை. அவர் அணிந்திருப்பதோ இறுக்கமான பென்சில் ஸ்கர்ட். அதற்குள் தொடையில் இருக்கும் எதையும் அவசரத்தில் எடுக்க முடியாது. தளர்வான ஸ்கர்ட்டிலும் ஒரு கையால் துணியைச் சுருட்டித் தூக்கிப் பிடித்தால்தான் மறு கை உறைக்கே போகும். ஒரு கையில் சாவியோ குழந்தையின் கையோ இருந்தால் அதுவும் நடக்காது. ‘எல்லா ஸ்கர்ட்டுகளுக்கும் ஏற்றது’ என்ற வாசகத்தை நீங்கள் எந்தச் சோதனையை வைத்து எழுதினீர்கள் என்று எனக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவியுங்கள்.

சட்டத்தை மதித்து நடப்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. பள்ளிக் கட்டடத்துக்குள் துப்பாக்கியோடு போகக் கூடாது. டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் 30.06 பிரிவின்படி அறிவிப்புப் பலகை வைத்த கடைக்குள் உரிமம் உள்ளவரும் மறைத்து எடுத்துச் செல்லக் கூடாது. அதனால் மகளை அழைத்துவர உள்ளே போக வேண்டுமென்றால், வண்டியிலேயே கழற்றிச் சிறிய பெட்டகத்தில் வைத்துப் பூட்ட வேண்டும். பலர் நடமாடும் இடத்தில், வண்டிக்குள் உட்கார்ந்தபடி, ஸ்கர்ட்டைத் தொடைவரை ஏற்றிக்கொண்டு, வாய் சுருங்கும் துணிப்பையிலிருந்து துப்பாக்கியை எடுப்பதை எந்தப் பெண்ணாலும் செய்ய முடியாது.

இவ்வளவையும் எழுதி உங்கள் சேவைப் பிரிவுக்கு அனுப்பினேன். வந்த பதில் என்னை மிகவும் புண்படுத்தியது. உள்ளாடை வகைப் பொருள் என்பதால் சுகாதாரம் கருதித் திரும்பப் பெற மாட்டோம் என்று ஒரு வரி. பெண்கள் பொதுவாகக் கைப்பையில் வைத்துக்கொள்வதையே விரும்புகிறார்கள், எங்களிடம் தனி அறை வைத்த கைப்பைகள் இருக்கின்றன என்று அடுத்த வரி.

2014 டிசம்பர் இறுதியில் ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் நகரில் நடந்தது உங்களுக்கு நினைவில்லையா? ஒரு கடையில், ஓர் இளம் தாயின் கைப்பைக்குள் அவருடைய இரண்டு வயதுக் குழந்தை கைவிட்டது. உள்ளே இருந்த துப்பாக்கி வெடித்து அந்தத் தாய் இறந்துபோனார். அந்தப் பை துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறையோடு செய்யப்பட்டது. அவர் கவனக்குறைவானவர் என்று நான் சொல்ல மாட்டேன். கைப்பை கடையின் தள்ளுவண்டியில் இருக்கும், நாற்காலியில் தொங்கும், வீட்டில் சாய்வு இருக்கையின் மேல் கிடக்கும், குழந்தை மிட்டாய் தேடித் திறக்கும். திருடன் முதலில் பறிப்பதும் அதைத்தான். கவனமின்றி வைத்த தோட்டா நிரப்பிய துப்பாக்கி குழந்தையின் கைக்குக் கிடைத்துவிட்டால், அது டெக்சாஸ் சட்டப்படி குற்றமும்கூட. எனக்கு எட்டு வயதில் மகள் இருக்கிறாள் என்று என் கடிதத்தில் எழுதியிருந்தேன். அதைப் படித்த பிறகும் கைப்பையைச் சிபாரிசு செய்திருக்கிறீர்கள்.

இந்த மாநிலத்தில் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் உரிமை வந்ததில் ஒரு பெண்ணின் பங்கு பெரியது. 1991 அக்டோபர் 16 அன்று கில்லீன் நகர உணவகம் ஒன்றில் 23 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அங்கே தன் பெற்றோர் இருவரையும் இழந்தவர் சூசானா ஹப். அன்றைய சட்டத்துக்குப் பயந்து தன் துப்பாக்கியைக் காரிலேயே விட்டுவந்திருந்தார். அதைப் பின்னர் அவரே வெளிப்படையாகச் சொன்னார், சட்டத்தை மாற்றப் போராடினார், 1996-இல் மாநில சட்டமன்றத்துக்கும் தேர்வானார். மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் தரும் சட்டம் 1995-இல் நிறைவேறியது. அந்தச் சட்டத்தில் எல்லோருக்கும் உடன்பாடு இல்லை, என் வீட்டிலேயே இதைப் பற்றி விவாதம் நடக்கும். ஆனால் ஒரு பெண் துப்பாக்கி வைத்துக்கொள்வதென்று முடிவெடுத்தால், அவளுக்குத் தரும் உறை ஆணுக்குத் தரும் உறையைவிட ஒரு துளியும் தரம் குறைந்ததாக இருக்கக் கூடாது. உங்கள் கடையிலேயே ஆண்களுக்கான உறைகள் எல்லாம் துப்பாக்கியின் வடிவத்துக்கு அச்சில் வார்த்த கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் இருக்கின்றன. விசையைச் சுற்றி ஓர் ஊசிகூட நுழையாது. பெண்களுக்கான பொருளில் அந்தச் செலவு லேஸுக்குப் போயிருக்கிறது.

செய்ய முடியாததை நான் கேட்கவில்லை. ஆடைக்கு அடியில் தனியாக ஒரு மெல்லிய பெல்ட்டைக் கட்டி, அதில் கைடெக்ஸ் உறையைப் பொருத்தி, அசையாமல் இருக்க ஒரு வாரைத் தொடையில் மாட்டும் அமைப்புகள் சந்தையில் இருக்கின்றன. அவை ஸ்கர்ட்டின் இடுப்பை நம்பி நிற்பதில்லை. இப்போது அப்படி ஒன்றைத்தான் பயன்படுத்துகிறேன். அடிவயிற்றின் பக்கம் இருப்பதால் மேல்சட்டையைத் தூக்கினால் கை எட்டுகிறது, உட்கார்ந்து எழுந்தாலும் நகர்வதில்லை. வயிற்றைச் சுற்றிக் கட்டும் துணிப் பட்டைகளிலும் விசையை மூடும் கெட்டியான தகடு வைத்தவை உண்டு. தொடை உறையே வேண்டும் என்பவர்களுக்கும் அதே தகட்டை வைத்துத் தைத்து, இடுப்பு வாரையும் சேர்த்தே கொடுக்கலாம்.

என்னிடம் விசாரித்த தோழிகளில் ஒருவர், புடவைக்கு இது சரிப்படுமா என்று கேட்டார். உள்பாவாடையின் நாடா புடவையின் கொசுவத்தையே தாங்கத்தான் சரியாக இருக்கும், அதற்கு அடியில் தொடையில் கட்டினால் ஆறு கெஜத்தைத் தூக்கி எடுக்க வேண்டும், வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்கள் பொருளை நான் வேண்டாம் என்றது புடவைக்கு மட்டுமன்று, எந்த உடைக்கும்தான்.

ஆகவே, எனக்கு முழுத் தொகையையும், பொருளை எனக்கு அனுப்பியதற்கான செலவையும் திருப்பித் தாருங்கள். இந்த உறையின் விற்பனையை நிறுத்துங்கள். ஏற்கெனவே வாங்கிய ஒவ்வொருவருக்கும், தோட்டா நிரப்பிய துப்பாக்கியை இதில் வைக்க வேண்டாம் என்று மின்னஞ்சலிலும் தபாலிலும் எச்சரிக்கை அனுப்பி, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். ‘நாள் முழுவதும் அசையாது’, ‘எல்லா ஸ்கர்ட்டுகளுக்கும் ஏற்றது’ என்ற இரண்டு வாசகங்களையும் விளம்பரத்திலிருந்து நீக்குங்கள்.

டெக்சாஸின் ஏமாற்று வணிக நடைமுறைச் சட்டம், வழக்குத் தொடுப்பதற்கு 60 நாள் முன்னதாக எழுத்து மூலம் அறிவிக்கச் சொல்கிறது. இதன் ஆங்கில வடிவத்தை அந்த அறிவிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நகலை மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கும் அனுப்புகிறேன். சோதனையின்போது என் கணவர் எடுத்த ஒளிப்பதிவும், உங்கள் சேவைப் பிரிவின் பதிலும், வாங்கிய ரசீதும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. உறையை உங்களுக்குத் திருப்பி அனுப்பவில்லை. சாட்சியப் பொருளாக என்னிடமே இருக்கும். பார்க்க விரும்பினால் ஆள் அனுப்புங்கள், காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், சேவைப் பிரிவின் பதில் நகல், சோதனை ஒளிப்பதிவு