செயலாளரின் ஆண்டறிக்கை: பொதுக்குழுக் கூட்டம், சேன்-லூயி, ரெயூனியன் (இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவு)

தலைவர் ஐயா அவர்களே, பொருளாளர் அண்ணன் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பொங்கல் நடந்தது. தைப்பூசக் காவடிக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். ஞாயிறு தமிழ் வகுப்பில் பிள்ளைகள் குறைந்தாலும் வகுப்பு நிற்கவில்லை. தீபாவளிக்கு மேரி, அதாவது நகராட்சி, மண்டபம் கொடுத்தது.

அடுத்து, பறவை நோக்கும் பிரிவு. இது செயலாளரின் சொந்தப் பொழுதுபோக்கு, சங்கத்துக்கு எதற்கு என்று பேச்சு அடிபடுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோல் ஏரிக்கரைக்கு வடக்கிலிருந்து வலசை வரும் கல்திருப்பி உள்ளானும் சிறு கோட்டானும் நம் ஊர்ப்பக்கம் கோடியக்கரையிலும் இறங்கும் இனங்கள்தான். ஏரிக்கரைக் காலை நடைக்கு நாலைந்து பேர் தவறாமல் வந்தார்கள். பெத்தித்-ஈல் பாறை முனைக்குப் போன நாளில் வேன் நிறைய ஆள். எதிரே கடலில் நிற்கும் குன்றுத்தீவில் பழுப்பு ஆலாக்கள் அடைந்திருந்தன. செங்குத்துப் பாறையை ஒட்டி பயாங்க்கே என்கிற கடற்பறவை ஒன்று நீண்ட வெள்ளை வாலோடு காற்றில் அப்படியே நின்றது. ஆனால் பைனாகுலரைக் கையில் வாங்கியவர்களைவிட ருகாய் என்கிற இந்தத் தீவுக் குழம்புச் சட்டியைச் சுற்றி நின்றவர்களே அதிகம். சாப்பாடு நன்றாக இருந்தது, அதை மறுக்கவில்லை.

முக்கியமான விஷயம் பரோ பெத்ரேல். ஏறக்குறைய இந்தத் தீவை மட்டுமே நம்பிக் கூடு வைக்கும் கடற்பறவை. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை பொழுது சாயும் நேரத்தில் சேன்-தெத்தியேன் ஆற்று முகத்துவாரத்தில் நின்றால், கடலிலிருந்து வந்து பள்ளத்தாக்கு வழியே மலைக்கு ஏறுவதைப் பார்க்கலாம். 2,000 மீட்டருக்கு மேல் பாறைச் சரிவில் வளை. ஆண்டுக்கு ஒரே முட்டை. ஏப்ரலில் குஞ்சு முதன்முதலாக, அதுவும் இரவில், கடலை நோக்கிப் பறக்கிறது. வழியில் நம் ஊர் விளக்கைக் கண்டு மயங்கிக் கீழே விழுகிறது. தட்டைத் தரையிலிருந்து எழும்பத் தெரியாது. நாயும் பூனையும் மோட்டாரும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். 1996 முதல் 1999 வரை மட்டும் இப்படி விழுந்த கடற்பறவைகள் 2,348 என்று கணக்கெடுத்திருக்கிறார்கள்.

ஏப்ரலில்தான் சித்திரைப் புத்தாண்டும் வருகிறது. சித்ரா பௌர்ணமியை ஒட்டி என்றால் நிலா வெளிச்சத்தில் விழுவது குறைவு. இந்த முறை புத்தாண்டு தேய்பிறையில். நம் கோயில் கோபுரத்துக்கு இரவு பத்து மணிக்குமேல் சீரியல் பல்பும் ஃபோகஸ் லைட்டும் வேண்டாம் என்று இரண்டு கூட்டங்களில் சொன்னேன். “சாமிக்கு இருட்டா?” என்று விழாக் குழு கேட்டது. தேசியப் பூங்காவும் பல ஊர் மேரிகளும் அதே மாதத்தில் தெருவிளக்கையே அணைக்கிறார்கள். இருந்தும் நம் விளக்கு விடியவிடிய எரிந்தது.

விடிகாலையில் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் குஞ்சு கிடந்தது. சாம்பல் முதுகு, வெள்ளை நெற்றி, நுனி வளைந்த கறுப்பு அலகு. ஒரு பெரியம்மா பரிதாபப்பட்டுக் கரண்டியில் பால் கொண்டுவந்தார், தடுக்க வேண்டியதாயிற்று. பாலும் கூடாது, தண்ணீரும் கூடாது, மேலே தூக்கி எறியவும் கூடாது. தூக்கப்போன தலைவர் ஐயாவின் பட்டுக்கரை வேட்டியில் அது எண்ணெய் கக்கிவிட்டது. அந்த மீன்நாற்றம் மூன்று சலவைக்குப் பிறகும் போகவில்லை என்று வீட்டம்மா சொல்கிறார்கள். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, ஸேயோர் பறவை ஆய்வுச் சங்கத்துக்குச் சொல்லி ஒப்படைத்தோம். மறுநாளே பறக்க விட்டார்கள். மறுநாள் இரவு எங்கள் கோபுர விளக்கு பத்தரைக்கு அணைந்தது. யார் அணைத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. வேட்டியின் செல்வாக்கு என்று நினைக்கிறேன்.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. சுருக்கமாக, கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. கடன் என்று பெரிதாக இல்லை. பைனாகுலர் வாங்கியதைக் கேட்பவர்கள் ஒலிபெருக்கி வாடகையையும் சேர்த்தே கேட்கட்டும். சந்தா கட்டியவர்கள் பாதிக்கும் குறைவு. கட்டாதவர்களில் சிலர் வாட்ஸாப்பில் மட்டும் தினமும் சங்கத்தை நடத்துகிறார்கள். பிரான்சின் 1901ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி பதிவான சங்கம் இது. பொதுக்குழுவுக்கு ஆள் சேரவில்லை என்றால் மானியம் கேட்டு எந்த முகத்தோடு மேரிக்குப் போவது?

மேரிக்கும், பூசை முடிந்து பெருக்கிக் கொடுத்த மகளிர் அணிக்கும், வேன் ஓட்டிய தம்பிக்கும் நன்றி. விழாக் குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பில் நான் இருப்பேனா என்று தெரியவில்லை. விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம். இதுவரை யாரும் கொடுக்கவில்லை. யார் வந்தாலும், ஏப்ரல் முழுதும் கோபுர விளக்கு பத்து மணிக்கு அணையும் என்று இன்றே தீர்மானம் போட வேண்டும். காலி அட்டைப்பெட்டி இருப்பவர்கள் மார்ச்சுக்குள் கோயிலில் கொடுத்துவிடுங்கள்.

பொருளாளர் அண்ணன் ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே உட்கார்ந்திருக்கிறார். பந்தி அவரைத் தாண்டித்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர் (பறவை நோக்கும் பிரிவுக்கும் இவரே)