2024-25 ஆண்டறிக்கை: மொரீஸ் தெலாஜும் கோயம்புத்தூர் தாயியும்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். நமது இசை ரசிகர் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் இரண்டாம் ஞாயிறுகளில் நடந்தன. நவம்பர் கூட்டம் மட்டும் மழையால் நடக்கவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றைக்கே அவரைப் பார்த்துவிடுங்கள்.

சரி, இந்த ஆண்டு நம்மை முழுக்கப் பிடித்துக்கொண்ட விஷயத்துக்கு வருகிறேன். சென்ற பொதுக்குழுவில் மொரீஸ் தெலாஜ் என்று நான் சொன்னபோது, யார் அவர் என்று பலரும் கேட்டீர்கள். பிரான்சிலேயே அந்தக் கேள்வி வரும். 1879-இல் பிறந்த பிரெஞ்சு இசையமைப்பாளர். பாரிஸில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தாவாக இருந்தார், பூலோன் துறைமுகத்தில் மீன் விற்றார், கொஞ்ச காலம் பட்டாளத்திலும் இருந்தார். இசைக்கு வரும்போது வயது இருபதைத் தாண்டிவிட்டது. ஆனால் வாய்த்த குரு புகழ்பெற்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவேல்.

ரவேலும் நண்பர்களும் தங்களை ‘அபாஷ்’ என்று அழைத்துக்கொண்டார்கள். அந்தக் கால பாரிஸ் பேச்சில் அதற்குத் தெருரவுடி என்று பொருள். ஓத்தேய் பகுதியில் இருந்த தெலாஜின் வீடுதான் அவர்கள் கூடும் இடம். ரவேல் தன் ‘கண்ணாடிகள்’ பியானோ தொகுப்பில் மணியோசைப் பள்ளத்தாக்கைப் பற்றிய கடைசிப் பகுதியைத் தெலாஜுக்குக் காணிக்கையாக்கினார். ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி 1913-இல் எழுதி முடித்த மூன்று ஜப்பானியப் பாடல்களில் முதலாவதும் இவருக்குத்தான். அந்தக் கவிதைகளைப் பிரெஞ்சில் தந்தவரும் இவரே. இவருடைய ‘கடல் சொன்ன கதை’ என்ற படைப்பைப் பாரிஸின் பழைய இசைச் சங்கம் ஒன்று திருப்பி அனுப்பிவிட்டது. 1910-இல் ரவேல் கூட்டத்தார் தனியாக ஒரு சங்கம் தொடங்கியதற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம்.

இவ்வளவு நடுவில் இருந்தவர் எப்படி மறந்துபோனார்? குறைவாக எழுதினார், சின்னச் சின்னதாக எழுதினார் என்பது என் எண்ணம். சிம்ஃபனி, ஆபரா என்று பெரிய உருப்படி எதுவும் அவர் கணக்கில் இல்லை. ரவேலுக்குப் பக்கத்திலேயே நின்றதும் அவருக்குக் கெடுதலாகிவிட்டது.

1911-12-இல் அவர் இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் பயணம் செய்தார். அதிலிருந்து பிறந்தவை ‘நான்கு இந்துக் கவிதைகள்’: மதராஸ், லாகூர், பெனாரஸ், ஜெய்ப்பூர். இவை பயணப் பாடல்கள் அல்ல. மதராஸும் ஜெய்ப்பூரும் சமஸ்கிருதக் கவி பர்த்ருஹரியின் செய்யுள்கள். லாகூரோ ஜெர்மன் கவி ஹைனேயின் ஊசியிலை மரக் கவிதை. 1914 ஜனவரி 14 அன்று பாரிஸில் இவை அரங்கேறின. கவி மல்லார்மேயின் வரிகளுக்கு ரவேல் இசையமைத்த பாடல்களும் ஸ்ட்ராவின்ஸ்கியின் ஜப்பானியப் பாடல்களும் அதே மேடையில் அதே மாலையில்தான் அரங்கேறின. ஜூலைக் கூட்டத்தில் ஜேனட் பேக்கர் பாடிய பதிவைக் கேட்டோம். லாகூர் பாடலில் செல்லோ தந்தியைச் சுண்டி இழுக்கும் இடத்தில் சிதார் வாசிக்கும் நம் உறுப்பினர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் காது சரிதான்: சிதார் மேதை இம்தாத் கானின் இசைத்தட்டைத் தெலாஜ் கேட்டிருக்கிறார்.

நம் ஊருக்கு இதில் என்ன என்று கேட்கிறீர்களா? தெலாஜ் பியானோவுக்கு ‘ராகமாலிகா’ என்று ஒன்று எழுதினார். தலைப்புக்குக் கீழே ‘தமிழ்ப் பாடல்’ என்று பிரெஞ்சில் போட்டிருக்கிறது. கோயம்புத்தூர் தாயி திருவருட்பாவை ராகமாலிகையாகப் பாடிக் கொடுத்த இசைத்தட்டை ஏறத்தாழ அப்படியே பியானோவில் எழுதியதுதான் அது என்று காட்டியவர் அமெரிக்க இசையியலாளர் ஜான் பாஸ்லர் என்ற பெண்மணி. தாயி 1872-இல் பிறந்து 1917-இல் மறைந்தவர், பழனிகுஞ்சரம் என்பது இயற்பெயர். வள்ளலாரின் வரிகள் தாயியின் தொண்டை வழியாகத் தட்டில் ஏறி, கடல் தாண்டி, ஒரு பாரிஸ்காரரின் விரலுக்குப் போயிருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் தாயியின் இசைத்தட்டு ஒன்றை வெளியூர் கடையொன்றில் வாங்கினோம். பார்சலைப் பிரித்தால் தட்டு இரண்டு துண்டு. ஒரு சேகரிப்பாளர் மனமிரங்கி டிஜிட்டல் பிரதி தந்ததால் பிழைத்தோம்.

பிப்ரவரியில் ராகமாலிகாவை நேரில் வாசிக்க வைத்தோம். கீழ் ஸ்தாயியில் ஒரு பி ஃப்ளாட் சுரத்தின் தந்திகளுக்கு அடியில் அட்டை சொருக வேண்டும் என்று தெலாஜ் குறித்திருக்கிறார். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் பியானோத் தந்திகளில் திருகாணியும் ரப்பரும் செருகிப் பேர் வாங்கியதற்குப் பல ஆண்டுகள் முன்னால் இது. பியானோ கொடுத்த வீட்டம்மா முதலில் தயங்கினார். தந்திக்குக் கேடு வராது என்று ட்யூனர் சொன்ன பிறகே சம்மதித்தார். கடையில் வாங்கிய அட்டைகள் ஒத்துவரவில்லை. கடைசியில் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையைக் கத்தரித்துச் சொருகினோம். மணி போல ஒலித்த சுரம் கையால் பொத்திய மிருதங்கத் தொப்பி போல ‘தொம்’ என்றது. முதலில் தாயியின் பதிவு, உடனே பியானோ. சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் பியானோவில் வராது, அது அதன் பிறவிக் குறை. ஆனால் தாயி மூச்சுவிடும் இடங்களில் தெலாஜும் நிற்கிறார். அடுத்த ராகத்துக்குப் போகுமுன் அந்தக் காத்திருப்பும் இருக்கிறது.

நம் மூத்த உறுப்பினர் ஒருவர் அன்று கேட்டார்: “பாடினது தாயி. பேரு மட்டும் அவருக்கா?” நியாயமான கேள்வி. தெலாஜ் கேலி செய்யவில்லை, வித்வானைப் போல உட்கார்ந்து பாடம் செய்திருக்கிறார் என்பதே என் பதில். ஆனாலும் நிகழ்ச்சி நிரலில் வள்ளலார், தாயி, தெலாஜ் என்று மூன்று பெயர்களையும் ஒரே அளவு எழுத்தில் அச்சிட்டோம். இனியும் அப்படியே செய்ய வேண்டும் என்று செயற்குழு தீர்மானித்துள்ளது.

தெலாஜ் மறைந்தது 1961-இல். இங்கே 60 ஆண்டுக் காப்புரிமை 2021 முடிவோடு தீர்ந்துவிட்டதால், சுரத்தாள்களை உறுப்பினர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுப்பதில் தடையில்லை.

வரும் ஆண்டில் ‘மதராஸ்’ பாடலைப் பாட வைக்க ஆசை. 10 கருவிகளும் அதில் ஒரு ஹார்ப்பும் நம்மால் ஆகாது, பியானோத் துணையோடு பார்க்கலாம். பிரெஞ்சு உச்சரிப்புச் சொல்லித்தரக்கூடியவர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். இன்னொன்று: உங்கள் வீட்டுப் பரணிலோ தாத்தா பாட்டி பெட்டியிலோ பழைய இசைத்தட்டுகள் இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். போன் செய்யுங்கள், நானே வந்து பார்க்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்