தம்பி வாங்கி வரவேண்டிய ஜூம் காமிரா

உ
சிவமயம்

காரைக்குடி

தம்பிக்கு ஆத்தா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். பொங்கலுக்கு வரும்போது என்ன வேண்டும் என்று கேட்டிருந்தாய். சேலையும் தைலமும் பெட்டி நிறைய இருக்கின்றன. கைக்குள் அடங்குகிற, தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டுகிற ஜூம் காமிரா ஒன்று வேண்டும். போனில் சொன்னால் பாதி மறந்துவிடுவாய். கடைக்குப் போகும்போது இந்தக் கடிதம் கையில் இருக்கட்டும்.

போனிலேயே ஜூம் இருக்கிறதே என்பாய். கணக்கைப் பார். மி.மீ. எண் ஏற ஏற தூரம் கிட்டே வரும், படத்தில் விழும் அகலம் குறையும். போனின் சாதாரண லென்ஸ் மாதிரி 24 மி.மீ. லென்ஸ், 100 அடி தூரத்தில் 150 அடி அகலத்தைப் படத்துக்குள் அடக்கும். போனில் 5 மடங்கு ஜூம் என்பது 120 மி.மீ., அதில் 30 அடி அகலம் விழும். நான் கேட்கிற காமிராவின் 720 மி.மீ. என்றால் 5 அடிதான். வேட்டங்குடிக் கண்மாய்க்குள் கருவேல மரத்தில் நிற்கிற மஞ்சள் மூக்கு நாரைக்கு உயரம் 3 அடி. கரையிலிருந்து 300 அடி என்று வைத்துக்கொண்டால், 720-இல் அது படத்தின் உயரத்தில் கால் பங்குக்கு மேல் வரும். போனில் வெறும் வெள்ளைப் புள்ளி. நம் வீட்டு முகப்பு உச்சியில் இருக்கிற கஜலட்சுமிச் சுதைச் சிற்பத்தில் காரை எங்கே பெயர்ந்திருக்கிறது என்று ஏணி போடாமல் பார்க்கவும் இதுதான் வசதி.

இந்த அளவுக் காமிராக்களில் இரண்டு சாதி உண்டு. ஒன்று 1 அங்குலச் சென்சார், அதாவது ஒளியைப் படமாக்குகிற சில்லு, வைத்தது. பானசோனிக் டிஇசட் 200, 360 மி.மீ. வரை போகும், சோனி ஆர்எக்ஸ் 100 ஏழாவது மாடல் 200 மி.மீ.யோடு நின்றுவிடும். மற்றது 1/2.3 அங்குலச் சென்சார். பானசோனிக்கின் டிஇசட் 95, டிஇசட் 99 இரண்டும் 30 மடங்கு, 24 முதல் 720 வரை. கேனான் எஸ்எக்ஸ் 740 நாற்பது மடங்கு, 960 வரை. பெரிய சென்சாரின் பரப்பு சின்னதைப்போல் நாலு மடங்கு, அதனால் மங்கலான வெளிச்சத்தில் படம் நன்றாக வரும். கடைக்காரர் அதைத்தான் தலையில் கட்டப் பார்ப்பார். எனக்குச் சின்னச் சென்சாரே போதும். வீட்டுக்குள் வளவிலும் இரண்டாங்கட்டிலும் எடுக்கப் போன் இருக்கிறது. காமிரா வெயிலில் நிற்கிற தூரத்துப் பொருளுக்குத்தான்.

கேனான் இன்னும் தூரம் போகும் என்றாலும் அதில் ரா ஃபைல், அதாவது சென்சாரில் விழுந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கிற கோப்பு, கிடையாது. டிஇசட் 95, 99 இரண்டிலும் உண்டு. வெள்ளை இறகில் வெளிச்சம் கொஞ்சம் மிஞ்சிப் போனால் ராவில் ஓரளவு மீட்கலாம். 99 புதுசு, 2025-இல் வந்தது, டைப் சி வயரில் சார்ஜ் ஏறும். ஆனால் கண்ணை வைத்துப் பார்க்கிற வ்யூஃபைண்டரை எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். நம் ஊர் வெயிலில் பின்பக்கத் திரை தெரியாது, கையை நீட்டிப் பிடித்தால் 720-இல் நாரை படத்துக்குள்ளேயே நிற்காது. ஆகவே சீல் உடைக்காத 95 கிடைத்தால் அதையே வாங்கு. இல்லையென்றால் 99. சில நாடுகளில் 95-க்கு இசட்எஸ் 80 என்றும் 99-க்கு இசட்எஸ் 99 என்றும் பெயர், குழம்பாதே.

விளம்பரத்தில் 60 மடங்கு என்று போட்டிருந்தால் நம்பாதே. கண்ணாடி தருவது 30, மிச்சம் படத்தை வெட்டிப் பெரிதாக்குவது. முழு ஜூமில் ஒளி நுழைகிற துவாரம் எஃப் 6.4 (இந்த எண் கூடினால் துவாரம் சின்னது). அதில் ஒளி வளைந்து பரவி, ஒரு புள்ளி ஏழு பிக்சல் அகலத்துக்கு விரிந்துவிடும். 20 மெகாபிக்சல் என்று பெயர்தான், அந்த முனையில் அவ்வளவு நுணுக்கம் இருக்காது. அதற்கு மேலும் பெரிதாக்கினால் கிடைப்பது வெறும் கஞ்சி. வந்ததும் முதல் வேலையாக டிஜிட்டல் ஜூமை அணைத்துவிடுவேன்.

கடையில் சோதிக்க வேண்டியதைச் சொல்கிறேன், அவசரப்படாதே. உன் எஸ்டி கார்டையே போடு. ஜூமை ஐந்தாறு தடவை முழுக்க நீட்டி மடக்கு. அரைக்கிற சத்தம் வந்தாலோ நடுவில் தயங்கினாலோ பல்சக்கரம் சரியில்லை. பிறகு 24-இல் டைல்ஸ் சுவரை நேராக எடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பார். ஒரு பக்கம் மட்டும் மசமசவென்று இருந்தால் உள்ளே ஒரு லென்ஸ் சாய்ந்திருக்கிறது, சரிசெய்ய முடியாது, வேறு பீஸ் கேள். முழு ஜூமில் துவாரத்தை எஃப் 8-க்குச் சுருக்கி, வெள்ளைத்தாளை எடு. மங்கலான வட்டம் தெரிந்தால் சென்சாரில் தூசி. லென்ஸைக் கழற்ற முடியாத காமிராவில் அதைத் துடைக்க உடம்பையே பிரிக்க வேண்டும். கடைசியாக 720-இல் 1/125 வினாடியில் எதிர்க்கடைப் போர்டைப் பத்துப் படம் எடு. பாதிக்கு மேல் எழுத்து கலங்கியிருந்தால், முதலில் உன் கையைச் சந்தேகப்படு, கதவு நிலையில் சாய்ந்து மறுபடி எடு. அப்போதும் கலங்கினால் ஆட்டம் தாங்குகிற பகுதியில் கோளாறு.

கூடவே அதே கம்பெனியின் பேட்டரி ஒன்று. லென்ஸை நீட்டி மடக்குவதே சார்ஜைத் தின்னும். மலிவு பேட்டரி உப்பிக்கொண்டால் பொந்துக்குள் மாட்டிக்கொள்ளும். கார்டு 64 ஜிபி, வேகத்துக்கு வி30 என்று போட்டது. வாரண்டி அந்த ஊருக்கு மட்டுமா, இங்கும் செல்லுமா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்கு.

இங்கே வந்த பிறகு வைத்துக்கொள்ள வழி பண்ணிவிட்டேன். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் இறுக்க மூடுகிற டப்பாவும் சிலிக்கா ஜெல்லும். மர பீரோவில் பாச்சா உருண்டையோடு வைக்கக் கூடாது. செம்மண் தூசி நீளும் குழாயின் இடுக்கில் போனால் நடுவிலேயே நின்றுவிடும். பைக்குள் இருக்கும்போது தெரியாமல் ஆன் ஆனாலும் லென்ஸ் துணியை முட்டிப் பல்சக்கரம் வழுக்கிவிடும், அதனால் அழுத்தமான உறை ஒன்றும் வேண்டும்.

நாரை உட்கார்ந்திருந்தால் 1/250 வினாடி, பறந்தால் 1/1000, சென்சாரின் ஒளி உணர்வான ஐஎஸ்ஓ 800-க்கு மேல் ஏறாமல் தடுப்பு. கருவேலத்தின் கருமைக்கு முன்னால் சின்னதாகத் தெரிகிற வெள்ளைக் கொக்குக்கு வெளிச்சத்தை முக்கால் படி குறைக்க வேண்டும், வானத்தை முதுகில் வைத்த சுதைக்கு ஒரு படி ஏற்ற வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் தரையிலிருந்து எழும் சூட்டில் காற்று அலையும். அப்போது எந்த விலைக் காமிராவும் தூரத்தைக் கூர்மையாகத் தராது. நாரைகள் மாசி வரைக்கும் இருக்கும் என்றாலும் நீ பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்தால் நல்லது.

உபரி பேட்டரியைச் சரக்குப் பெட்டியில் போடாதே, விமானத்தில் அனுமதியில்லை. கைப்பையில் எடுத்து வா. கடையில் நின்றபடி சந்தேகம் வந்தால் வீட்டுக்குப் பேசு. அப்பச்சி எடுத்தால் அவரிடம் யோசனை கேட்காமல் என்னிடம் கொடுக்கச் சொல்.

ஆத்தா