செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

நம் நாணயச் சேகரிப்பாளர் சங்கத்தின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், தங்கசாலை முதல் திருவொற்றியூர் வரை பல பகுதிகளிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மழையால் ஒரு கூட்டம் தள்ளிப்போனது தவிர, மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. ராயபுரம் பள்ளிக் கண்காட்சிக்கு மாணவர்கள் திரண்டு வந்தார்கள். நாணயத்தில் ஆண்டு எண்ணுக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் அதை அடித்த நாணயச்சாலை ஹைதராபாத், வைரம் இருந்தால் மும்பை, புள்ளி இருந்தால் நொய்டா, எதுவும் இல்லையென்றால் கொல்கத்தா என்று சொல்லிக்கொடுத்ததும், சட்டைப்பையிலிருந்த சில்லறையை அங்கேயே கொட்டித் தேடத் தொடங்கிவிட்டார்கள். மண்ணடியைச் சேர்ந்த மூத்த உறுப்பினர் ஒருவரை இழந்தோம். அவர் கொண்டுவந்து காட்டிய நட்சத்திர வராகன்தான் நம்மில் பலர் முதன்முதலாகக் கையில் ஏந்திய கிழக்கிந்தியக் கும்பினிக் காலத் தங்கக் காசு. அவருக்கு நம் அஞ்சலி. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைப்பார்.

இனி, இந்த ஆண்டு உறுப்பினர்கள் பலரின் மனத்தைப் புண்படுத்திய விஷயத்துக்கு வருகிறேன். புழக்கத்துக்கு வராத நாணயத் தொகுப்புகளைச் சங்கத்தின் பெயரில் மொத்தமாக முன்பதிவு செய்து வாங்கினோம். மாணவர் உறுப்பினர்கள் தவணையில் பணம் கட்டினார்கள். பல மாதக் காத்திருப்புக்குப் பிறகு பார்சல் வந்தது.

அதைப் பிரித்த மாலை எல்லோருக்கும் நினைவிருக்கும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால், நூறு ரூபாய் நாணயம் ஒன்றில் சிங்கத்தின் நெற்றிக்குக் குறுக்கே ஆழமான கீறல். இன்னொன்றில் சிங்கத்தூணுக்குப் பக்கத்து வெற்றிடத்தில் யாருடைய கட்டைவிரல் ரேகையோ வரிவரியாகப் பதிந்திருந்தது. வேறொரு நாணயம் அதைப் பொருத்திய குழியில் தளர்ந்து சுழன்று தலைசாய்ந்து கிடந்தது. ஒட்டி மூடிய பிளாஸ்டிக்கின் உட்புறம் ஒரு முடி. தண்டையார்பேட்டையிலிருந்து வரும் பத்தாம் வகுப்பு மாணவர் வாங்கிய முதல் தொகுப்பு அது. அவர் எதுவும் பேசவில்லை. லென்ஸை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

இங்கே நாம் நியாயமாகவும் பேச வேண்டும். புழக்கத்துக்கு வராத நாணயம் என்றால் கடைவீதியில் கைமாறாத நாணயம் என்றுதான் பொருள். குறையே இல்லாத நாணயம் என்று யாரும் உறுதி தரவில்லை. அச்சிலிருந்து விழும்போதும், எண்ணும்போதும், மூட்டையில் கட்டும்போதும் நாணயங்கள் ஒன்றோடொன்று மோதும். மேடான இடங்களில், அதாவது சிங்கத்தின் முகத்திலோ நாணயத்தில் பொறித்த தலைவரின் கன்னத்திலோ, சின்னச் சின்ன வடுக்கள் விழத்தான் செய்யும். சேகரிப்போருக்கென்றே தனிக் கவனத்தோடு அடிக்கும் புரூஃப் நாணயத்தின் கதை வேறு. மெருகேற்றிய வெற்று உலோக வில்லையை மெருகேற்றிய அச்சில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடித்து, ஒவ்வொன்றாகக் கையாண்டு எடுப்பார்கள். அதற்குரிய கண்ணாடிப் பளபளப்பைச் சாதாரணத் தொகுப்பில் எதிர்பார்த்தால் ஏமாற்றம் நம்முடையது.

ஆனால் கைரேகையும் முடியும் தளர்ந்த குழியும் மூட்டையில் வந்த வடுக்கள் அல்ல. அவை அடைத்தவரின் கவனக்குறைவு. அதிலும் கைரேகையைச் சிறு விஷயமாக எண்ணக் கூடாது. நம்மிடம் உள்ள நூறு ரூபாய் நினைவு நாணயங்களில் பெரும்பாலானவை வெள்ளி 50, செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5 சதவீதம் கலந்த 35 கிராம் நாணயங்கள். விரலின் உப்பும் அமிலமும் அந்த உலோகத்தை நாளடைவில் அரித்துப் பழுப்பேற்றிவிடும். எண்ணெய்ப் பிசுக்கை அசிட்டோனில் நீக்கலாம். அரித்த தடத்தை நீக்க வழியே இல்லை. புளியும் விபூதியும் போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். தயவுசெய்து தேய்க்காதீர்கள். மேற்பரப்பு போனால் நாணயத்தின் மதிப்பும் போயிற்று.

விற்றவர்களுக்குப் படங்களோடு எழுதினோம். "சிறு வடுக்கள் இயல்பானவை" என்ற ஒரே பதில், கைரேகைக்கும் அதுவே, முடிக்கும் அதுவே. பார்சலைப் பிரித்த காணொளியைக் கேட்டார்கள். அது இருந்தவர்களுக்கு மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள், மாற்றி வந்தவற்றிலும் ஒன்று கறையோடுதான் வந்தது. தொகை பெரிதோ சிறிதோ, காசு கொடுத்தவருக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை இதுவல்ல. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் விற்பனையாளருக்குச் சொல்கின்றன. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பாதிக்கப்பட்டவர்கள் சார்பில் மனுவைச் சங்கமே எழுதித் தரும்.

நம் பக்கத்தில் கவனிக்க வேண்டியதும் உண்டு. காசிமேட்டு உப்புக்காற்றும், மணலி, எண்ணூர்ப் பக்கத்துக் கந்தகப் புகையும் வெள்ளிக்கும் செம்புக்கும் ஆகாதவை. நல்ல நிலையில் வந்த நாணயம்கூட ஜன்னலோர அலமாரியில் இருந்தால் கறுத்துவிடும். குழைவான பிவிசி உறைகள் நாளடைவில் பச்சைப் பிசினைக் கக்கும். அவற்றிலிருந்து உடனே எடுத்துவிடுங்கள். மைலார் எனும் பாலியெஸ்டர் உறை அல்லது நாணயத்தை வைத்து மூடும் கெட்டியான பிளாஸ்டிக் கேப்சூல், காற்றுப் புகாத டப்பா, அதற்குள் சிலிகா ஜெல் பொட்டலம் போதும். காமராசர், அண்ணா நூற்றாண்டு நாணயங்களை இப்படி வைத்திருக்கும் நம் உறுப்பினர்களின் பெட்டிகளைத் திறந்து பார்த்தால், ஆண்டுகள் பல கடந்தும் வாங்கிய நாளின் மினுமினுப்பு குறையவில்லை.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பது இது. எந்தத் தொகுப்பானாலும் முதலில் சங்க நிதியில் ஒன்றே ஒன்று வாங்கி, மாதக் கூட்டத்தில் லென்ஸோடு சுற்றுக்கு விட்ட பிறகே உறுப்பினர்களிடம் பணம் வசூலிக்கப்படும். மொத்தப் பார்சலை இரண்டு உறுப்பினர்கள் முன்னிலையில் காணொளி எடுத்தபடியே பிரித்து, ஒவ்வொரு தொகுப்பின் குறையையும் பதிவேட்டில் எழுதிய பிறகே வழங்குவோம். மாணவர் உறுப்பினருக்கு வந்த தொகுப்பில் குறை இருந்தால், மாற்று வரும்வரை அவர் கட்டிய தொகையைச் சங்கம் திருப்பித் தரும். கடைசி விதிக்குப் பொருளாளர் தயங்குகிறார், அவர் தயக்கத்தையும் மதிக்கிறேன். ஆயினும் அந்தப் பிள்ளைகளை நாம் இழந்துவிடக் கூடாது என்பதால் பேரவை இதை ஏற்க வேண்டும் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வறிக்கையையும் மேற்கண்ட முன்மொழிவுகளையும் உறுப்பினர்களின் விவாதத்துக்கும் ஒப்புதலுக்கும் வைக்கிறேன்.

செயலாளர்