நாற்பது மூட்டைக்கும் தூத்துக்குடியில் இடம் வேண்டும்

தூத்துக்குடியில் இயங்கும் சரக்கு அனுப்பு முகவர்கள் சங்கத்தின் மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பழனிமலையில் தாண்டிக்குடிக்கும் பண்ணைக்காட்டுக்கும் இடைப்பட்ட சரிவுகளில் ஆளுக்கு இரண்டு, மூன்று ஏக்கரில் காபியும் மிளகும் வைத்துப் பிழைக்கும் 31 குடும்பங்களின் சார்பில் இந்த மடலை எழுதுகிறேன். எங்கள் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். அறுவடை முடிந்து சரக்கு இறங்கும் மாதங்களில், மலை விளைபொருளுக்கென்றே, புறப்படும் நாளை முன்கூட்டியே அறிவித்து, பலருடைய சிறு சரக்குகளைச் சேர்த்து ஏற்றும் ஒரு கூட்டுக் கண்டெய்னரைத் தூத்துக்குடியிலிருந்து நீங்கள் நடத்த வேண்டும்.

துறைமுகம் வளர்ந்து வருவதை மலையிலிருந்து நாங்களும் மகிழ்ச்சியோடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். 2024 பிப்ரவரியில் வெளித் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் 14 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துடன் புதிய சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்டது. பெரிய கப்பல்கள் கொழும்பில் சரக்கு மாற்றாமல் நேராக இங்கே வர வேண்டும் என்ற உங்கள் நெடுநாள் கோரிக்கை நியாயமானது. ஆனால் கப்பல் நிறுவனம் ஆழத்தை மட்டும் பார்த்து வருவதில்லை, பின்னால் எவ்வளவு சரக்கு காத்திருக்கிறது என்பதையும் பார்த்துத்தான் வருகிறது. 2025 மே மாதம் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்ட பிறகு, மேற்குத் தமிழகத்தின் சரக்குக்குக் கொச்சியோடு இன்னொரு போட்டியாளரும் சேர்ந்திருக்கும் நிலையில், தூத்துக்குடிக்கு இயல்பாகவே உரிய பின்நிலம், அதாவது சரக்கு தரும் உள்நாட்டுப் பகுதி, எது என்று கேட்டால், மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் மேலே நிற்கும் இந்தப் பழனிமலையை விட்டுவிட்டுப் பதில் சொல்ல முடியாது.

மலையடிவாரத்துப் பட்டிவீரன்பட்டியில் மாலையில் கிளம்பும் லாரி, மதுரை தாண்டி நான்குவழிச் சாலையைப் பிடித்துவிட்டால், விடிவதற்குள் துறைமுக வாசலில் நிற்கும். ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான். அப்படியிருந்தும் எங்கள் குழுவின் காபி வியாபாரி கைமாறி, கர்நாடகத்துக்குப் போய், மங்களூரில் கப்பலேறுகிறது. அங்கே போனதும் அதற்குப் பழனிமலை என்ற பெயரும் போய்விடுகிறது. இதற்குச் சாலை காரணமல்ல, கப்பல் கட்டணமும் காரணமல்ல. எங்கள் சரக்கு சிறியது என்பதே காரணம்.

20 அடிக் கண்டெய்னர் ஒன்றில் 60 கிலோ காபி மூட்டை 320 பிடிக்கும்; அதாவது 19.2 டன். நிழல் மரம், மிளகுக்கொடி, மலைவாழை, ஆரஞ்சு என்று எல்லாவற்றுக்கும் இடம் விட்டு வளர்க்கும் மூன்று ஏக்கர் அரபிகாத் தோட்டத்தில், சுத்தம் செய்த கொட்டையாகப் பத்து மூட்டை கண்டால் எங்களுக்கு அது நல்ல வருஷம். ஆக, 31 குடும்பமும் சேர்ந்தால்தான் ஏறக்குறைய ஒரு பெட்டி நிறையும். அதுவும் ஒரே நாளில், ஒரே தரத்தில், ஒரே ஊருக்குப் போவதாக இருந்தால். நடைமுறையில் ஒருவருக்கு வரும் கேட்பு நாற்பது மூட்டை, இன்னொருவருக்கு இருபத்தைந்து.

அந்த நாற்பது மூட்டையின் கதையை நான் சொல்லியாக வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் காபி வறுக்கும் ஒரு சிறு கடைக்காரர் எங்களில் நான்கு பேருடைய சரக்கை நேரடியாகக் கேட்டார். முகவர் ஒருவரிடம் ஒப்படைத்தோம். வேறு சரக்கோடு சேர்த்து ஒரு வாரத்தில் ஏற்றிவிடலாம் என்றார்; மூட்டைகள் 24 நாள் கிடங்கில் கிடந்தன. உயரப் பந்தலில் துணி விரித்து, வெயில் ஏறினால் மூடி, இறங்கினால் கிளறி, 11 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்த கொட்டை அது. உப்பளக் காற்று வீசும் ஊரில் சாக்குப்பையில் 24 நாள் கிடந்தால் கொட்டை மறுபடியும் ஈரத்தை இழுக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சரக்கு போய்ச் சேர்ந்த பின், வாங்கியவர் கால் கிலோ கொட்டையை ஒரு பையில் போட்டு எங்களுக்கே திருப்பி அனுப்பினார். பையைப் பிரித்து அப்பாவிடம் நீட்டினேன். ஐம்பது வருஷம் காபி பறித்த மனிதர் ஒருமுறை முகர்ந்துவிட்டு, "கருவாடுடா" என்று மட்டும் சொல்லிப் பையைத் திண்ணையில் வைத்துவிட்டார். பேசிய விலையில் மூன்றில் இரண்டு பங்குதான் கைக்கு வந்தது. அந்தக் கடைக்காரர் அதன் பிறகு எங்களிடம் கேட்கவில்லை.

பச்சைக் காபிக்கொட்டை பக்கத்தில் இருப்பதன் வாசனையை வாங்கிக்கொள்ளும் பொருள். முந்தைய பயணத்தில் மீன்தூளோ தோலோ ஏற்றிய பெட்டியைத் தண்ணீர் விட்டுக் கழுவினாலும் பலகைத் தளத்தில் அந்த வாடை தங்கியிருக்கும். பகலில் காய்ந்து இரவில் குளிரும் பெட்டியின் மேற்கூரையில் நீர் கோத்து, மேல்வரிசை மூட்டைகளின் மீது சொட்டுவதும் உண்டு. இரண்டுக்கும் மருந்து எளிது. ஏற்றுவதற்கு முன் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் உள்ளே நின்று முகர்ந்து பார்க்க வேண்டும். பக்கச்சுவரிலும் கூரையிலும் கிராஃப்ட் தாள் ஒட்டி, ஈரமுறிஞ்சிப் பைகளைத் தொங்கவிட வேண்டும். முழுப் பெட்டி எடுக்கும் பெரிய ஏற்றுமதியாளருக்கு இதைச் செய்துதான் அனுப்புகிறீர்கள். பெட்டியில் எட்டில் ஒரு பங்கு எடுப்பவனுக்கு இதைக் கேட்டு வாங்கும் குரல் இல்லை. அதனால்தான் தனி முகவரிடம் போகாமல் சங்கத்திடம் வருகிறோம்.

சிறியதைச் சேர்த்துப் பெரியதாக்குவது உங்கள் ஊருக்குப் புதியதல்ல. 1906-இல் வ.உ.சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கியபோது அதன் மூலதனம் பத்து லட்சம் ரூபாய். அது 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 25 ரூபாய் போடக்கூடியவனுக்கும் கப்பலில் பங்குண்டு என்று சொன்னவரின் பெயரைத்தான் 2011 முதல் உங்கள் துறைமுகம் தாங்கி நிற்கிறது. அந்த உரிமையில்தான் நாற்பது மூட்டைக்காரர்களாகிய நாங்களும் கேட்கிறோம்.

ஜனவரி பிற்பகுதி முதல் மே வரை, மாதம் இருமுறை, இன்ன தேதியில் சரக்கு ஏற்றப்படும் என்று சங்கமே அறிவித்தால் போதும். அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாக மட்டும் மூட்டைகளை இறக்குவோம், கிடங்கில் கிடக்கும் நாள் தானே குறைந்துவிடும். காபி, மிளகு, ஏலம் தவிர வேறெதையும் அந்தப் பெட்டியில் ஏற்றக் கூடாது. ஏலத்தின் வாசமும் காபிக்கு ஆகாது என்பதால் அதைக் காற்றுப் புகாத உள்பையில் கட்டித் தருவது எங்கள் பொறுப்பு. கட்டணம் முழுவதையும், இறங்கும் துறைமுகத்தில் வாங்குபவர் தலையில் விழும் தொகை உட்பட, ஒரே தாளில் முன்பே எழுதித் தர வேண்டும். கன மீட்டருக்கு இவ்வளவு என்று சொன்ன கணக்கும் கடைசியில் வந்த பில்லும் ஒத்துப்போகாததால் மனம் விட்டவர்கள் எங்களில் பலர். நறுமணப் பொருள் வாரியத்தின் ஆய்வுக்கூடமும் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையமும் உங்கள் ஊரிலேயே இருப்பதால், மிளகுக்கான பரிசோதனையையும் தாவர நலச் சான்றையும் அதே இரண்டு நாளுக்குள் முடிக்க உங்கள் உறுப்பினர் ஒருவர் பொறுப்பேற்றால் பெரிய உதவியாக இருக்கும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். காடழிப்பில்லா விளைபொருள் குறித்து ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய சட்டம், காபி எந்த நிலத்தில் விளைந்தது என்பதை வரைபடக் குறியீட்டோடு கேட்கிறது. அமலாகும் தேதியைத் தள்ளிப்போட்டார்கள் என்றாலும், வாங்குபவர்கள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் பிள்ளைகள் கைப்பேசியோடு தோட்டம் தோட்டமாக நடந்து 31 பட்டாவுக்கும் குறியீடு எடுத்துவிட்டார்கள். கிடங்கில் ஒருவருடைய மூட்டை இன்னொருவருடையதோடு கலந்தால் அந்த உழைப்பு வீணாகும். மூட்டையில் நாங்கள் எழுதும் எண் கப்பல் ஆவணம் வரை மாறாமல் போக வேண்டும்.

இடம் நிறையாமல் பெட்டி கிளம்பினால் நட்டம் உங்களுடையது என்பதை நாங்கள் உணராமலில்லை. மார்ச், ஏப்ரலில் பெய்து காபியைப் பூக்க வைக்கும் பூமழையை வைத்தே அடுத்த விளைச்சலை ஓரளவு சொல்லிவிடலாம். ஐப்பசி மழையில் எவ்வளவு உதிர்ந்தது என்று பார்த்துக் கார்த்திகைக் கடைசிக்குள் மூட்டைக் கணக்கை எழுத்தில் தந்து, ஒப்புக்கொண்ட இடத்துக்கு நான்கில் ஒரு பங்கு முன்பணமும் கட்டுகிறோம். மண்சரிவில் பெரும்பாறை ஊர் வழியாக இறங்கும் மலைச்சாலை அடைபட்டால் சரக்கு தாமதிக்கும் என்பதால், சுத்தம் செய்த காபியை முன்னதாகவே பட்டிவீரன்பட்டியில் இறக்கி வைத்துவிடுவோம்.

தை பிறந்ததும் முதல் பறிப்புக் காபி பந்தலில் காய்ந்துகொண்டிருக்கும். உங்கள் சங்கத்திலிருந்து இருவரோ மூவரோ ஒரு நாள் மேலே வந்து, காயும் கொட்டையைக் கையில் அள்ளிப் பார்த்து, எங்கள் திண்ணையில் அமர்ந்து பேச வேண்டும் என்று அழைக்கிறோம். முதல் பெட்டிக்கான தேதியை அன்றைக்கே குறித்துவிட்டால், மூட்டைக் கணக்கோடு நாங்கள் தயாராக இருப்போம்.

இப்படிக்கு,
31 குடும்பங்களின் சார்பில்,
கீழ்ப்பழனி மலைக் காபி விவசாயி ஒருவர்